லண்டனுக்கு பிசினஸ் கிளாஸ்: முழுப் பயணத்துக்கும் வாங்கணுமா?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வருஷக்கணக்கில் நின்றே வேலை பார்த்த ஒரு அம்மாவை, லண்டனில் இருக்கும் பிள்ளை கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார அவரால் முடியாது. அவருக்கு பிசினஸ் கிளாஸ் பந்தா இல்லை, தேவை.

ஆனால் வரியே மிரட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. எகானமிக்கு 5 சதவீதம்தான். கட்டணம் 2 லட்சம்னா வரி மட்டும் 36 ஆயிரம்!

அப்போ என்ன வழி? தேவையான இடத்துக்கு மட்டும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சென்னை–லண்டன் நேரடி விமானத்தோடு நிறுத்தாதீங்க. விருத்தாசலத்துக்கு திருச்சியும் பக்கம்தான். அங்கிருந்து கொழும்பு வழியாகவும் விலை பாருங்க. கொழும்பு வரை குட்டிப் பயணம், எகானமி போதும். அதற்குப் பிறகுதான் படுக்கை வேணும். அதுவும் ஒரு பக்கத்துக்குத்தான் பட்ஜெட் இருக்கா? இரவு விமானத்துக்கு எடுங்க. இப்படிக் கலந்து புக் பண்ண இணையத்தில் வழி இல்லைனா டிராவல் ஏஜென்ட்டிடம் கேளுங்க.

எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கணும். தனித்தனியா வாங்கி, முதல் விமானம் லேட்டானா அடுத்த டிக்கெட் பணம் போச்சு.

எகானமி வாங்கிட்டு அப்கிரேடுக்கு ஏலம் கேட்பது இளசுகளுக்கு ஓகே. கிடைத்தால் லாபம், கிடைக்கலைன்னா பரவாயில்லை. அம்மாவின் முட்டியை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம்.