கொல்லையில் மட்டக் குதிரை கட்டலாமா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் கொஞ்சம் வீட்டடி நிலம் உள்ள சிலருக்கு மட்டக் குதிரை ஆசை வந்துவிடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றிச் சம்பாதிக்கலாம். மற்ற நாளில் மாட்டோடு மாடாகக் கொல்லையில் நிற்கும் என்பது எண்ணம்.

அந்த 'மாட்டோடு மாடாக' என்பதில்தான் கோளாறு. ஆடும் மாடும் அசை போடுபவை. குதிரை அப்படி அல்ல. அதன் இரைப்பை சிறியது. ஒரேயடியாகத் தீனி கொட்டினால் வயிற்று வலி கண்டு தரையில் உருளும். வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. பூஞ்சாணம் பிடித்த வைக்கோலும் ஆகாது. சாரல் நாளில் போர் நனையாமல் இருப்பதோ அரிது. தவிட்டையும் கம்பு நேப்பியர் புல்லையும் மட்டுமே நம்பினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெடும். கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சில சமயம் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றே விடும். கோழியும் வளர்ப்பவர்கள் தீவன மூட்டைகளைத் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். கொள்ளு ஊற வைத்துப் போட்ட பழைய ஜட்கா வண்டிக்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள்!

கணக்கையும் பாருங்கள். 200 கிலோ எடையுள்ள மட்டத்துக்கு உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ தீனி வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு 1 கிலோ போதும். ஆக, ஒரு குதிரையின் தீனியில் நான்கு ஆடுகள் வளரும். நம் பக்கத்துக் கன்னி ஆடு ஐந்து மாதச் சினையில் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். குதிரைக்குச் சினைக் காலம் பதினொரு மாதம், குட்டி ஒன்றே. சீசனோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். மீதி ஒன்பது மாதம் வருமானமின்றித் தின்னும் பிராணியை என்ன செய்வது? ஊட்டியில் சாலையில் திரியும் குதிரைகளே பதில். குற்றாலத்துக்கு அந்த நிலை வேண்டாம்.

பத்து சென்ட் கொல்லைக்கு ஆடும் கோழியும், வேலியோரம் அகத்தியும் போதும் என்பதே என் கருத்து. கடையம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் சிறுத்தைப் பயம் உண்டு; இரவுக் கொட்டிலுக்குக் கதவு பலமாக இருக்கட்டும்.

ஏக்கர் கணக்கில் மேய்ச்சல் உள்ளவர்கள் கதை வேறு. ஆடு மேய்ந்த இடத்தில் பின்னர் குதிரையை விட்டால், ஆட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை குதிரை வயிற்றில் பிழைக்காமல் அழிந்துபோகும். அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால், ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் பல்லையும் குளம்பையும் பார்த்ததோடு நின்றுவிடாமல், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய்.