தலைமன்னார்க் கப்பல் எங்கே?

தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகைவண்டி வந்துவிட்டது! 1990 இல் போரினால் துண்டிக்கப்பட்ட மதவாச்சிப் பாதை, இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 ஆந் திகதி துறைவரை திறந்துவைக்கப்பட்டது. இந்தியப் பிரதமரே நேரில் வந்து கொடியசைத்தார். மாலைகள் விழுந்தன, உரைகள் முழங்கின. ஆனால் எந்தக் கப்பலை நம்பி இப்பாதை கடலோரம்வரை இழுக்கப்பட்டதோ, அந்தக் கப்பல் அன்று துறையில் இல்லை. மணமகன் இல்லாத மணவறைக்கு எத்தனை தோரணம் கட்டித்தான் என்ன?

நம் பாட்டன்மார் 'போட் மெயில்' என்றழைத்த அச்சேவை 1914 இல் தொடங்கியது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் வண்டி பிடித்துக் கொழும்பை அடைவார். 1964 திசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே விழுங்கியது. அப்போதும் சேவை சாகவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. புயல் கொல்லாததை 1984 இல் போர் கொன்றது. சரி, போர் 2009 இல் முடிந்துவிட்டதே! பிறகு தடுத்தது யார்?

கேட்டால், பாலம் வரப்போகிறது என்கிறார்கள். 2002 இல் இரணில் விக்கிரமசிங்க பாலம் பேசினார். 2023 யூலையில் அவரே சனாதிபதியாகப் புதுடில்லி சென்று, தரைவழித் தொடர்புக்குச் சாத்திய ஆய்வு என்று மீண்டும் பேசினார். பாலம் என்ற சொல் கேட்டதும் தென்னிலங்கைப் பேரினவாதிகள் படையெடுப்பு என்று கூக்குரலிடுகின்றனர். (1987 இல் வந்த இந்தியப் படை பாலத்தின் மேல் நடந்தா வந்தது?) இவர்கள் கட்டுவோம் என்பதும், அவர்கள் கட்டவிடோம் என்பதுமாக ஆண்டுகள் கழிகின்றன. மன்னார்க்காரன் இராமேசுவரம் செல்லவேண்டுமானால் நெடுந்தூரம் சுற்றியே போகவேண்டியிருக்கிறது. நடுவிலிருக்கும் கடலோ ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்!

பாலத்துக்கு நாம் பகைவரல்லர். டென்மார்க் என்ற சிறு நாட்டைப் பாருங்கள். சுவீடனுடன் 1991 இல் உடன்படிக்கை செய்து, 2000 யூலையில் பாலமும் சுரங்கமுமாகக் கடலைக் கடந்துவிட்டது. அதற்காக அந்நாட்டார் கப்பல்களை முன்கூட்டியே கரையேற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. இன்றும் எல்சினோர்த் துறையிலிருந்து சுவீடனுக்குக் கப்பல் ஓடுகிறது.

கப்பலுக்கு வழியில்லை என்பவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசாங்கங்களும் கையெழுத்திட்டன. தேயிலைக்கு உரமாகிய குடும்பங்கள், தகரப் பெட்டியும் கண்ணீருமாக இதே தலைமன்னாரில்தான் கப்பலேற்றப்பட்டன. வெளியேற்றக் கப்பல் இருந்தது! 1983 க்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் தப்பியோடி, மண்டபத்திலும் பிற முகாம்களிலும் வாழ்வைக் கழித்த நம் உறவுகள், தட்டுமுட்டுச் சாமான்களுடன் திரும்பிவரக் கப்பல் இல்லையாம். இது எந்த நீதி?

நம் கடற்றொழிலாளரிடம் ஓர் அச்சமுண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. தமிழகத்து இழுவைப் படகுகள் அவர்கள் வலைகளை அறுக்கின்றன; கடலடியை உழுது பாழாக்குகின்றன. இழுவை மடிக்கு 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. அதை நிலைநாட்டுவது அரசின் கடமை. ஆனால் இரவில் எல்லை தாண்டும் படகும், பட்டப்பகலில் கடவுச்சீட்டும் சுங்கமும் பார்த்து ஆளேற்றும் கப்பலும் ஒன்றாகுமா? முன்னதன் குற்றத்துக்குப் பின்னதைத் தண்டிப்பது சட்டமாகாது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் ஐயமில்லை. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தை விரித்துப் பாருங்கள்: துறைமுகமும் புகையிரதமும் மத்திக்கு, தேசிய நெடுஞ்சாலையும் அதன் பாலங்களும் மத்திக்கு. மாகாண சபையின் தலையில் பழிபோட வழியே இல்லை. அச்சபையும் 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது வேறு கதை. அதிவேகப் பாதை 2011 இல் காலிக்கும் 2020 இல் அம்பாந்தோட்டைக்கும் சென்றது. வடக்கு நோக்கியதில், 2022 இல் திறந்தது மீரிகமவிலிருந்து குருநாகல்வரை ஒரு துண்டு! கட்டுக்கரைக் குளத்து உழவன் செலுத்தும் வரி மட்டும் தடையின்றிக் கொழும்பு சேர்கிறது.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது, மகிழ்ந்தோம். நீண்ட கடலுக்குக் கப்பல் கிடைத்தபோது குறுகிய கடலுக்கு ஏன் கிடைக்கவில்லை? இராமேசுவரம்–தலைமன்னார்ச் சேவையை விரைவில் தொடங்க 2024 திசெம்பர்க் கூட்டறிக்கையில் அநுர குமார திசநாயக்கவும் மோடியும் இணங்கினர். அறிக்கையில் ஏறி எவரும் கடல் கடக்க முடியாது. வன்னியின் ஆறு பாராளுமன்ற உறுப்பினரும் கட்சிபேதமின்றி எழுந்து அமைச்சரிடம் கேட்கட்டும்: கப்பல் எது? சுங்கமனை எங்கே? கட்டணம் என்ன? முதற் பயணம் எந்தத் திகதி? விடையை அச்சிட இப்பத்திரிகையில் இடம் ஒதுக்கிக் காத்திருக்கிறோம்.