பிறப்பால் வந்த ஆசிரியர்கள்

பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொள்கையை நாம் நெடுங்காலமாக எதிர்த்து வந்திருக்கிறோம். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் அதைக் கண்டு சீறிய நம்மவர்கள், அதே கொள்கை ஆங்கில வகுப்பறைக்குள் நுழையும்போது மட்டும் எழுந்து நின்று வணக்கம் கூறுவது விந்தையிலும் விந்தை!

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு ஆங்கில உரையாடல் கற்பிக்கச் செல்லும் வேற்றுநாட்டாருக்கென ஈ-2 என்னும் விசா உண்டு. பொது விதிப்படி அது ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியது: பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. பட்டம் வேண்டும்; ஆனால் எத்துறைப் பட்டமாயினும் போதும். விலங்கியல் படித்த லீட்ஸ் நகரத்து இளைஞர் தகுதியுடையவர். இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த கொழும்பு ஆசிரியை அவ்வாயிலில் தகுதியற்றவர். தனியார் பயிற்சி நிலையங்கள் பல, விண்ணப்பத்தோடு நிழற்படமும் கேட்கின்றன. நாவின் திறத்தை நிழற்படம் காட்டுமோ?

யப்பான் 1987இல் ஜெட் திட்டத்தைத் தொடங்கியபோது நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். பின்னர் வாயில் அகன்றது. ஜமெய்க்கரும் பிலிப்பினரும் வந்தனர். அதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் துணையாசிரியராக வருபவர் யப்பானிய மொழி அறிந்திருக்க வேண்டும் என்றோ, ஆசிரியப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றோ விதி இல்லை.

இந்நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1961இல் உகண்டாவின் மகெரெரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய பொதுநலவாய மாநாடொன்று கூடிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும் என்பன போன்ற கருத்துகள் அம்மாநாட்டு அறிக்கையில் வேரோடியிருப்பதை ரொபர்ட் பிலிப்சன் தமது 1992ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டி, அவற்றை மயக்கங்கள் என்றே சாடினார். உகண்டா விடுதலை பெற்றது 1962இல். கொடி இறங்குமுன்பே கற்பிக்கும் உரிமைக்கு உறுதி எழுதி முடிந்துவிட்டது!

"நாங்கள் உதவி செய்யத்தானே வந்தோம்" என்பார் அந்த இளைஞர். அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. தேநீர் வாங்கித் தந்து, "எம் பிள்ளையோடு அரைமணி நேரம் பேசுங்கள்" என்று கெஞ்சும் பெற்றோரின் ஆவலும் பொய்யன்று. பரீட்சையும் வேலையும் அம்மொழியின் கையில் இருக்கின்றன. ஆனால் எதை உதவியென்கிறோம்? பெயர்ச்சொல்லின் முன் 'த' எங்கே வரும், 'ஏ' எங்கே வரும், எங்கே ஒன்றும் வராது? கொரிய மொழியில் 'த' என்பதற்கு இணையில்லை; தமிழிலும் இல்லை. மாணவி காரணம் கேட்கிறாள். "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்கிறார் இளைஞர். அவர் அந்த முட்பாதையில் நடந்தவரல்லர். தொட்டிலிலேயே அக்கரையில் பிறந்தவர். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஆசிரியையோ அம்முள் ஒவ்வொன்றும் தைத்த காலோடு வந்தவர். எந்த இடத்தில் பிள்ளை இடறும் என்பதை அவர் அறிவார். ஆயினும் பிள்ளையின் கண் யாரை நோக்குகிறது? பெற்றோரின் பணம் யாரைத் தேடிச் செல்கிறது? தாமே தம் உச்சரிப்புக்கு நாணி அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாரே, அந்நாணத்தைக் கற்பித்தவர் யார்?

இன்னொன்றும் உண்டு. ஐந்தாண்டு சியோலில் வாழ்ந்தும், காய்கறி விற்கும் மூதாட்டியோடு கொரிய மொழியில் நான்கு வாக்கியம் பேச மாட்டாத உதவியாளர்கள் பலர். ஊரார் முழுவதும் அவர் மொழியைக் கற்கவேண்டும். அவர் ஊரார் மொழியைக் கற்பது விருப்பப் பாடம்!

கொரியரைப் பற்றிப் பேசி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து வடபுலத்துக் கிராமங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் வரட்டும், அவர்கள் நம் பிள்ளைகளே. ஆனால் அன்று மட்டும் கரும்பலகையை ஒப்படைத்துவிட்டு மூலையில் கதிரை தேடும் நம் ஆசிரியையைப் பாருங்கள். அதிபர்மாரே, அவரை அம்மூலைக்கு அனுப்பாதீர்கள். வந்த பிள்ளை முதல் வாரம் பின்வாங்கில் அமர்ந்து அவர் கற்பிப்பதைக் கேட்கட்டும். மாலையில் அவரிடமே தமிழ் எழுதப் பழகட்டும். இரண்டாம் வாரம் இருவரும் சேர்ந்து கரும்பலகைக்கு வரட்டும்.