தொடைத் தசைக்கும் ஒரு ஸ்கேன்

முதுமையில் தசை கரையும் 'சார்கோபீனியா'வை அல்ட்ராசவுண்டால் முன்கூட்டியே கண்டறியலாம் என்ற கருத்து முழுக்க ஏற்கத்தக்கது. 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் பெயரிட்ட இக்குறை, எடை குறையாமலும் வளரும். தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். இக்கடிதம் எழுதுபவரின் தாயாருக்கு அது தெரியவந்ததே குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான். அதுவரை எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் வயிற்றுக்கு மட்டுமே!

முன்தொடையில் கருவியை வைத்தால் தசையின் தடிமன் மில்லிமீட்டரில் தெரியும். கொழுப்பு ஊடுருவிய தசை வெளிறித் தெரியும். கதிர்வீச்சு கிடையாது. கருவியை அழுத்தினால் மட்டும் தசை நசுங்கி அளவு பொய்க்கும். அதைத் தவிர்க்க ஜெல்லைத் தாராளமாகத் தடவ வேண்டும்.

சார்கோபீனியாவுக்கான ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி, கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழிருந்தால் அது குறைவு. அத்தகைய முதியவர்களுக்கு வயிற்று ஸ்கேனோடு தொடையையும் அளக்க அரசு மருத்துவமனைகள் முன்வரலாம்.

– ஒரு வாசகர்