புழுவுக்கு ஒரு தனி மனை

ஏலக்காயினால் பெயர்பெற்ற போடிநாயக்கனூரைப் பற்றி எழுதுவோர், மலையையும் ஏல மண்டபத்தையும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் மலையடிவாரத்தில், கொட்டகுடி ஆற்றையும் கிணற்று நீரையும் நம்பியிருக்கும் தோட்டங்களினூடே சென்று பார்ப்பவர், தென்னைக்கும் மாவுக்கும் இடையே மல்பெரி தழைத்து நிற்பதையும், அதன் அருகே ஜன்னல்தோறும் வலையடித்த நீண்ட கொட்டகைகள் எழுந்திருப்பதையும் கண்டு, இவ்வூர் ஜனங்களுக்கு வேறொரு ஜீவனோபாயமும் வாய்த்திருக்கிறது என்பதை அறிவார். பட்டுப்புழு வளர்ப்பைக் குடிசைத் தொழில் என்றும், வீட்டில் இருந்தபடியே பெண்கள் செய்யத்தக்க வேலை என்றும் மேடைகளில் புகழ்ந்து பேசுகிறார்கள். இதில் பாதி உண்மை. இலை போடுவதிலும், படுக்கை மாற்றுவதிலும், பழுத்த புழுவைப் பொறுக்கி எடுப்பதிலும் பெண்களின் உழைப்பே பெரிது. மற்றப் பாதி தவறு. மனிதர் குடியிருக்கும் வீட்டில் இந்தப் புழு பிழைப்பது அரிது. அதற்கென்று தனி மனை வேண்டும். தனி மனை கட்ட நிலமும் முதலும் வேண்டும். ஆகவே வீட்டுத் தொழில் என்ற பெயரில் நடப்பது நிலமுள்ளவர்களுக்கு மாத்திரம் எட்டும் தொழிலாகவே இருந்துவருகிறது. நிலமற்ற குடும்பங்களுக்கும் இது எட்ட வேண்டுமானால், ஊருக்குப் பொதுவான வளர்ப்பு மனைகளைச் சர்க்கார் கட்டித் தருவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஜீவனின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் கையிலேயே வளர்ந்து, காட்டில் தன்னந்தனியே பிழைக்கும் சக்தியை அறவே இழந்துவிட்ட பிராணி இது. இதன் அந்துப்பூச்சிக்குச் சிறகு உண்டு, பறக்கத் தெரியாது. புழுவோ இலையைத் தேடிப் போகாது, இலைதான் அதனிடம் வர வேண்டும். முட்டையை விட்டு வெளிவரும் எறும்பளவுக் குஞ்சு, 23 முதல் 26 நாட்களுக்குள் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோது இருந்த எடையைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு பருத்துவிடுகிறது. அது தின்னும் மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்கு, கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாட்களிலேயே தீர்ந்துவிடும். தோலுரிக்கும் நேரத்தில் புழு தலையை உயர்த்தி அசைவற்றுக் கிடக்கும். அப்போது இலை போடலாகாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையை உலரவிட்டு, எல்லாப் புழுக்களும் எழும்வரை காத்திருக்க வேண்டும். முந்தி எழுந்தவற்றுக்கு இரங்கி இலையைப் போட்டுவிட்டால், அந்தத் தொகுதி அப்புறம் ஒன்றுபோல் வளர்வதில்லை. கூடு கட்டும் நாள் வந்ததும், உடம்பின் வெண்மை மாறி, வெளிச்சம் ஊடுருவும் இளமஞ்சள் ஏறி, தின்பதை நிறுத்திவிட்டுத் தலையை இருபுறமும் ஆட்டி இடம் தேடத் தொடங்கும். தாமதியாமல் எடுத்து, கூடு கட்டுவதற்கென்று அமைந்த மூங்கில் சந்திரிகையிலோ பிளாஸ்டிக் நெட்ரிகாவிலோ விடாவிட்டால், விலைமதிப்புள்ள நூல் கண்ட இடத்தில் வீணாகும். இரவு பகல் பாராத இந்தக் கண்காணிப்பு, இடத்தை விட்டு நகராதவர்களுக்கே சாத்தியம். அதனாலேயே இதை வீட்டிலுள்ளோர் தொழில் என்றார்கள்.

முற்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வளர்க்கவும் செய்தார்கள். 1956-ல் மைசூர் ராஜ்யத்தோடு சேரும்வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகால் தாலுகாவே சென்னை ராஜதானியின் பட்டுப்புழுப் பிரதேசம். அந்தத் தலைமுறையார், மூங்கில் தட்டுகளை அடுக்கிய நிலைகளின் கால்களை எறும்பு ஏறாதபடி நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி, அதே கூரையின்கீழ் தாங்களும் உண்டு உறங்கினார்கள். அவர்கள் வளர்த்த பழைய மைசூர் இனம் கஷ்டங்களைத் தாங்கும். கொடுக்கும் பட்டோ சொற்பம். இன்று தமிழ்நாட்டு உழவர் வளர்ப்பது பெரும்பாலும் வெண்பட்டுக் கலப்பினம். ஒரே கூட்டில் 1,000 மீட்டருக்கு மேல் நூல் தரும் அந்த இனம், உஷ்ணத்தையும் அசுத்தத்தையும் பொறுப்பதில்லை.

நோய்களின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. பிரான்ஸில் பட்டுத் தொழிலையே அழித்துக்கொண்டிருந்த பெப்ரின் என்னும் நோயை ஆராய 1865-ல் அலேஸ் நகருக்குச் சென்ற லூயி பாஸ்டர், அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே தொடர்கிறது என்று நிரூபித்து, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சுத்தமான முட்டைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையை நிலைநாட்டினார்; இன்றைக்கும் நம் பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் கையாளப்படுவது அதுவே. முட்டையோடு வரும் நோய்க்கு இவ்வாறு அணை போட்டாகிவிட்டது. ஆனால் பால் நோயும், உடல் சுண்ணாம்புக் கட்டியாக இறுகும் பூசண நோயும் மனைக்குள்ளிருந்தே வருகின்றன. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் சுவர், தரை, தட்டு யாவற்றையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, சில நாட்கள் மூடி வைத்தாலொழிய அவை ஒழிவதில்லை. ஒற்றையறை வீட்டில் குடியிருக்கும் குடும்பம், ஆண்டுக்கு ஐந்து முறை பண்டபாத்திரங்களோடு எங்கே வெளியேறும்?

போடி வட்டாரத்துக்கென்று பிரத்தியேகமான இடையூறு ஒன்றும் உண்டு. இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதாகத் தெரியவில்லை. விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, வளைவுப் பாதைகளைக் கடந்து கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏலச் செடியை அரிக்கும் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். சாயங்காலம் மலையிறங்கும் தொழிலாளியின் உடுப்பில் அந்த மருந்தும் கூடவே இறங்குகிறது. பட்டுப்புழுவும் பூச்சிதான்; செடியைத் தின்னும் பூச்சியைக் கொல்லும் மருந்துக்கு இதனிடம் தயவு ஏற்பட வழியில்லை. விஷம் தீண்டிய புழு, தலையைத் தூக்கித் துடித்து, பச்சை நீரைக் கக்கி, உடல் குறுகிச் சாகிறது. வீட்டில் எரியும் கொசுவர்த்தியாலும் அதே கதிதான். குழந்தைகளைக் கொசு கடிக்காமல் காப்பது அடுத்த அறையில் உள்ள ஆயிரக்கணக்கான புழுக்களுக்கு எமனாகும். எந்தத் தாயையும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்வது நியாயமாகுமா? பக்கத்து மாந்தோப்பில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிவது தனி விபரீதம்.

மலைச்சரிவின் குளிர்ச்சி புழுவுக்கு ஏற்றதென்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி செல்ஸியஸ் உகந்தது என்பது மெய்யே. ஆயினும் ஏலம் விரும்பும் நிழலும் நசநசத்த மழையும் மல்பெரிக்கு ஆகா. ஈர இலை புழுவுக்கு நோய். தொழில் அடிவாரத்திலேயேதான் நிற்க வேண்டும். கோடை உஷ்ணத்தைக் கூரையின் உயரத்தாலும் ஈரக் கோணிகளாலும் சமாளிக்க வேண்டும். அதற்கும் தக்க கட்டடம் தேவை.

இவற்றையெல்லாம் அறிந்தே பட்டு வளர்ச்சித் துறை தனி மனைக்கு மானியம் அளிக்கிறது. அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் அந்த மானியம் மல்பெரி பயிரிட்ட பரப்பை அளவுகோலாகக் கொண்டது. சொந்த நிலமில்லாதவள், எவ்வளவு கைத்திறன் பெற்றிருந்தாலும், பிறர் மனையில் கூலிக்காரியாகவே நிற்கிறாள். தொழிலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கலாம் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு பருவங்களின் புழுக்களை இன்று பெரும்பாலோர் தாமே வளர்ப்பதில்லை. இளம்புழு வளர்ப்பு மையங்களில் வளர்த்ததை விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். ஜப்பானில் ஷிரகாவாவின் பழைய வீடுகள் மாடிகளைப் புழுவுக்கு ஒதுக்கியிருந்தன. பிற்காலத்தில் அந்நாட்டுக் கிராமங்களும் இளம்புழுவுக்குக் கூட்டுறவு மனைகளை ஏற்படுத்தின. குஞ்சைப் பிரித்தவர்கள், இலை விளைவிப்பவனையும் புழு வளர்ப்பவளையும் ஏன் பிரிக்கக்கூடாது? ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி; அப்படி 100 முட்டைத் தொகுதிக்குச் சுமார் ஒரு டன் இலை செலவாகிறது; நன்றாய் வளர்த்தால் 60 முதல் 80 கிலோ கூடு கிடைக்கும். இலையை எடைபோட்டு வாங்க மல்பெரித் தோட்டத்தை ஒட்டியே பொதுமனை இருக்க வேண்டும், ஏனெனில் வாடிய இலையைப் புழு தொடாது.

பலர் கூடினால் ஒருத்தியின் அசட்டையால் எல்லாருக்கும் நோய் பரவுமே என்ற ஆட்சேபத்தை அலட்சியம் செய்யவில்லை. இந்த யோசனையின் பலவீனமான இடம் அதுவே. அறைகள் தனித்தனியாகவும் வாசல்கள் வெவ்வேறாகவும் இருந்து, எல்லாரும் ஒரே நாளில் புழுவை இறக்கி, கிருமிநீக்கம் மட்டும் துறையின் பொறுப்பில் ஒரே கையால் நடந்தால், அந்த அபாயம் பெருமளவு குறையும். ஜீப்பில் போய்வருவோர் வீட்டில் இருப்பினும், மனைக்குள் நுழையும்முன் குளித்து மாற்றுடை உடுத்தும் அறை ஒன்று கட்டாயம்.

விற்பனையைப் பற்றியும் கவலை கொள்ள வேண்டும். ஏலக்காயை உலர்த்தியவன் விலை சரியென்று தோன்றும்வரை மூட்டையில் வைத்துக் காத்திருக்கலாம். பட்டுக்கூட்டுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. புழு கூடு கட்டத் தொடங்கிய ஐந்தாறு நாளில் அறுவடை. இரண்டு வாரம் ஆவதற்குள் உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி ஓட்டை போட்டு வெளியேறிவிடும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் இழுக்க முடியாது. நாள்தோறும் எடையும் குறைகிறது. தருமபுரியோ ராமநகரமோ எந்த அங்காடிக்குப் போனாலும், விற்பவள் அவசரத்திலும் வாங்குபவர் நிதானத்திலும் நிற்கிறார்கள். பொதுமனையோடு வெப்பக் காற்றில் கூட்டை உலர்த்தும் அறையையும் சேர்த்தே திட்டம் தீட்ட வேண்டும். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், முதல் இரண்டு அறுவடைகளிலேயே விலை சரிந்து மனம் சலித்து, அந்தப் பெண்கள் மறுபடியும் மலை ஜீப்பில் ஏறிவிடுவார்கள்.