குளத்து நீச்சல் மலையில் உதவாது

கொற்கை என்றால் முத்து நினைவுக்கு வரும். பாண்டியர் காலத்தில் அது பெரிய துறைமுகம். தாமிரபரணி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணால் கடல் விலகிப் போயிற்று. இன்று கொற்கையில் நின்று பார்த்தால் அலை தெரியாது. வயலும் குளமும்தான் தெரியும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு நீச்சல் பழகியது ஆற்றிலும் குளத்திலும்தான். அப்படிப் பழகியவர்களுக்கு, இந்த ஆறு பிறக்கும் பொதிகை மலையைப் பார்க்க வேண்டும், அங்கே குளிக்க வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு.

அதற்குக் கார் வேண்டாம். ஏரலில் பஸ் ஏறினால் திருநெல்வேலி. அங்கிருந்து பாபநாசத்துக்குப் பஸ் இருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர் தூரம். ரெயிலில் போக நினைப்பவர்கள் செங்கோட்டை ரெயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம். 2021-ம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தூக்குவாளியில் புளியோதரையுடன் பாட்டியும் பேத்தியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகும் சுகம் காரில் போகிறவர்களுக்கு ஏது?

பாபநாசம் கோயிலைத் தாண்டினால் காடு. இது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். 1988-ல் ஏற்பட்டது. ஆகவே நினைத்த இடத்தில் நினைத்தபடி நடக்க முடியாது. வனத்துறையின் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு, அவர்கள் விடுகிற பாதையில்தான் போக வேண்டும். அகஸ்தியர் அருவியில் அநேகமாக ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். குற்றாலத்தில் சீசன் முடிந்த பிறகும் இங்கே குளிக்கலாம்.

அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் இருக்கிறது. சிவன்-பார்வதி திருமணக் காட்சியை அகத்தியர் கண்ட இடம் என்பது ஐதிகம். பாறைகளுக்கு நடுவே ஆழமான நீர்நிலை. பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். குளத்தில் நீந்தியவனுக்கு, "இதில் ஒரு முறை குதித்தால் என்ன?" என்று தோன்றும்.

அங்கேதான் வ.வே.சு. ஐயர் இறந்தார்.

ஐயர் சாதாரண மனிதர் அல்ல. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், விடுதலைப் போரில் இறங்கியவர். ஆங்கிலேய அரசின் போலீஸ் தேடியபோது மாறுவேடத்தில் தப்பி, 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதியவர். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியவர். 1925-ம் ஆண்டு ஜூன் மாதம் பாபநாசத்துக்குப் போயிருந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்துவிட்டாள். அவளைக் காப்பாற்றத் தந்தை பாய்ந்தார். இருவருமே பிழைக்கவில்லை. கடல் கடந்து போலீசுக்குத் தப்பியவரை ஒரு மலைச் சுனை விடவில்லை!

ஏன் இப்படி?

ஊர்க் குளத்தின் தரை மெல்லச் சரியும். கால் வைத்து வைத்துப் போகலாம். மலையில் அப்படி அல்ல. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அடுத்த அடியில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் இருக்கும். சுழலும் தண்ணீர் கூழாங்கற்களை உருட்டி உருட்டிப் பாறையில் குழி தோண்டி வைத்திருக்கும். கரையில் பாசி. ஏறப் பிடி கிடைக்காது. நீந்தத் தெரிந்தவனும் வழவழப்பான பாறையைப் பிடித்துப் பிடித்து வழுக்கி, களைத்துப் போவான். மேல் மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் உடனே கரையேற வேண்டும்.

உலகத்தில் 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒருவர் தத்தளித்தால் பெற்ற மனம் சும்மா இருக்காது. உடனே குதிக்கத்தான் தோன்றும். ஆனால் பயத்தில் இருப்பவர் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வார். இருவரும் மூழ்குவார்கள். கட்டியிருக்கும் வேட்டியை வீசலாம். சேலைத் தலைப்பை முறுக்கி எறியலாம். நீளமான கம்பை நீட்டலாம். காலி பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிப் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் மிதக்கலாம். கரையில் இருப்பவர் படுத்துக்கொண்டு இழுத்தால் அவரும் உள்ளே போக மாட்டார்.

ஜனங்கள் குளிக்கும் மலைத்துறைகளில் எல்லாம் கயிறும், மிதவை வளையமும், பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. "ஆபத்து" என்று மட்டும் பலகையில் எழுதினால் போதாது. எத்தனை அடி ஆழம், அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் எண்ணைப் பார்த்தால் நின்று யோசிப்பார்.

பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடும் பழக்கமும் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே கொற்கைப் பக்கம் வரை ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். துணியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதில் புண்ணியம் குறையாது. சோப்பும் எண்ணெயும் வீட்டிலேயே இருக்கட்டும்.

மாலைக்குள் காட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.