குதிரையின் தொண்டைக்கு ஒரு நீதி, வயிற்றுக்கு ஒரு நீதியா?

தனது நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிருக்கு வைத்தியம் பார்ப்பது இலகுவான காரியமல்ல. அதிலும் குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலால், தனது பலவீனத்தை மறைக்கும் இயல்புடையது. இருமலையும் மூச்சொலியையும் கொண்டு நோயை ஊகிப்பதைத் தவிர மனிதனுக்கு நீண்டகாலமாக வேறு வழி இருக்கவில்லை.

நுனியில் விளக்கும் கமராவும் பொருத்திய நெகிழ்குழாயை மூக்கின் வழியே செலுத்தி, உள்ளுறுப்புகளைத் திரையில் காணும் எண்டொஸ்கோப்பி முறை இந்நிலையை மாற்றியது. அக்கருவி காட்டிய உண்மைகளில் எவை கவனிக்கப்பட்டன, எவை வசதியாகப் புறந்தள்ளப்பட்டன என்பதே எனது கேள்வி.

நுரையீரலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தின் பின்னர் மூக்கில் இரத்தம் வடியும் குதிரைகள் மிகச் சிலவே என்பதால், அது அரிதான கோளாறு என்றே கருதப்பட்டது. 1981 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பந்தயத்தின் பின்னர் எண்டொஸ்கோப் மூலம் பரிசோதிக்கப்பட்ட குதிரைகளில் சுமார் 75 சதவீதமானவற்றின் மூச்சுக்குழாயில் இரத்தம் காணப்பட்டது. கடும் ஓட்டத்தின்போது நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுத்தம் தாங்காமல் சிதைவதே இதற்குக் காரணம். விதிவிலக்கு என்று எண்ணப்பட்டது உண்மையில் விதியாகவே இருந்தது! ஆயினும், அமெரிக்கப் பந்தயத்துறை பல தசாப்தங்களாக நம்பியிருந்த பரிகாரம், ஓட்டத்துக்குச் சில மணித்தியாலங்கள் முன்னர் ஏற்றப்படும் ஃபுரோசமைட் ஊசியேயாகும்.

அடுத்தது இரைப்பை. குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கும் விலங்கு. நெடுந்தீவுக் குதிரைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது உண்ணாத வேளையிலும் அமிலம் சுரந்துகொண்டேயிருக்கும். இரைப்பையின் மேற்பகுதிக்கோ அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்புப் படலம் கிடையாது. லாயத்தில் அடைத்து, புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டி, வெறும் வயிற்றுடன் ஓடவிட்டால் அமிலம் மேலெழுந்து புண்ணை உண்டாக்கும். சுமார் மூன்று மீற்றர் நீளமான குழாயைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகள், பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை இப்புண்களுடனேயே ஓடுவதைக் காட்டியுள்ளன.

இனித் தொண்டைக்கு வருவோம். இடப்பக்கக் குரல்வளை நரம்பு பழுதடைந்தால், மூச்சுவழி முழுமையாகத் திறக்காது. குதிரை இரைச்சலிட்டு மூச்சுவாங்கும், வேகமும் குன்றும். எனவே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறும் பெரும் ஏலவிற்பனைகளில், குட்டிகளின் தொண்டையை எண்டொஸ்கோப் மூலம் பார்ப்பது வழமையாகிவிட்டது. ஒரே குட்டியை வெவ்வேறு வைத்தியர்கள் மாறிமாறிப் பரிசோதிப்பதும் உண்டு. பெருந்தொகைப் பணம் அந்தத் தொண்டையில் தங்கியிருக்கிறது. அதே குதிரையின் வயிறோ, பெரும்பாலும் அது உணவை மறுக்கும்போதோ வேகம் குறையும்போதோதான் நினைவுக்கு வருகிறது. வாங்குபவரின் நட்டத்தைத் தடுக்கக் காட்டப்படும் அக்கறை, குதிரையின் வேதனையைத் தடுக்கக் காட்டப்படுவதில்லை.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. இரைப்பைப் பரிசோதனைக்கு இரவு முழுவதும் பட்டினி போட வேண்டும், மயக்கமருந்து கொடுக்க வேண்டும், செலவும் அதிகம். புண்ணின் அளவும் வெளித்தெரியும் அறிகுறிகளும் எப்போதும் பொருந்துவதில்லை. தொண்டைக் கோளாறுகளிலும் சில, குதிரை நிற்கும்போது தென்படா. கடிவாளத்தில் கருவியைப் பொருத்தி ஓடவிட்டே அவற்றைக் காண முடியும். ஆகவே எண்டொஸ்கோப்பி சகலதும் அறிந்த தெய்வமல்ல என்பதை ஏற்கிறேன்.

எனினும், கண்ட பின்னரும் வழக்கத்தை மாற்ற மறுப்பதற்கு இவை சாக்காக முடியாது. குதிரைகளின் இரைப்பைப் புண்ணுக்கான ஒமெப்ரசோல் பசைமருந்துக்கு அமெரிக்க அதிகாரிகள் 1999 இல் அங்கீகாரம் அளித்தனர். அது புண்ணை ஆற்றுகிறது. ஆனால் தீவனமும் லாய வாழ்க்கையும் மாறாதவிடத்து, மருந்தை நிறுத்தியதும் புண் திரும்பிவிடுகிறது.

உண்மை வெளிவருவது வேறு, அதற்கேற்ப மனிதர் நடந்துகொள்வது வேறு என்பதைப் பத்திரிகைத் தொழிலில் கழித்த ஆண்டுகள் எனக்குக் கற்பித்துள்ளன. குதிரையை ஓடவைத்துப் பணம் ஈட்டுவோர், அதன் தொண்டையைப் பார்க்கும் அதே கரிசனையோடு வயிற்றையும் பார்க்கட்டும். புண்ணைக் கண்டால் மருந்துடன் புல்லையும், திறந்த வெளியையும், ஓய்வையும் கொடுக்கட்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் அந்த மூக்கினுள் குழாயைச் செலுத்துவதில் என்ன பயன்?